மும்பைத் தமிழ் மாணவரின் இணைய வழக்கும் தமிழாக்கச் சொற்களும்: ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கல்லூரி மாணவர் ஒருவர் தாம் விரும்பிப் பார்க்கும் இணையத்தளங்களைப் பட்டியலிடுவது பொழுதுபோக்குச் செய்தியாகத் தோன்றலாம். மொழியியல் நோக்கில் அப்பட்டியல் ஒரு மொழித்தேர்வுச் சான்றாகும். எந்தத் தளம், எந்த மொழி, எந்த எழுத்து என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடை தருகிறது. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இவ்விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அவர் விரும்பிக் கேட்பது தமிழ்; தட்டச்சிடுவது உரோமன் எழுத்து; திரையில் படிப்பது ஆங்கிலம். தமிழ் இடைமுகம் கையெட்டும் தொலைவில் இருந்தும் அதனை அவர் பெரும்பாலும் நாடுவதில்லை.

இதற்கு மாணவரின் மொழிப்பற்றுக் குறைவைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். அக்காரணம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. மொழிப்பற்று இல்லாதவர் நாள்தோறும் தமிழ்ப் பாடல் தேடமாட்டார். ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஒன்று எழுத்து, மற்றொன்று தமிழ் இடைமுகத்தின் சொல்லாக்கம். முன்னது கல்வி வரலாற்றையும் தொழில்நுட்ப வரலாற்றையும் சார்ந்தது. பின்னது மொழிபெயர்ப்பாளரின் கையில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதும், அவற்றுள் பின்னதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு 'மாணவர்' என்பது ஒரு வகைமாதிரியே. தனியாள் எவரையும் குறிப்பதன்று. கணக்கெடுப்பு வழி ஆய்வு இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது.

1. களமும் எழுத்தறிவும்

1.1 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மும்பையைப் பொறுத்தவரை அவர்களை ஒரே குழுவாகக் கருதுவது பிழை. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களின் வழியினர். மாட்டுங்காவில் குடியேறியோருள் அலுவலகப் பணிக்கு வந்த நடுத்தர வகுப்பினர் மிகுதி. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்கள் எழுப்பிய நிறுவனமாகும். செம்பூரில் இருவகையினரும் உள்ளனர். ஒருபுறம் குடியிருப்புக் காலனிகளும் இசைச் சபையும் உள்ளன. மறுபுறம், 1976இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்தோர் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப் அருகே உள்ளது.

1.2 இம்மூன்று பகுதிகளின் மாணவரையும் இணைப்பது எழுத்தறிவு நிலை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவருகிறது. எனினும் அவற்றுள் பல நெடுங்காலம் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிட்டன. மேல்வகுப்புக்குச் செல்லும் மாணவர் ஆங்கிலவழிக்கோ இந்திவழிக்கோ மாற வேண்டியதாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளியிலேயே தொடங்கியவருக்கு ஆங்கிலம், இந்தி, மராத்தி என்னும் மூன்றும் பாடமாகின்றன. மகாராட்டிர அரசு 2020இல் இயற்றிய சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே கல்லூரிக்குள் நுழையும் மாணவர் உரோமன், தேவநாகரி என்னும் இரண்டு எழுத்துகளில் தேர்ச்சி பெற்றிருக்கிறார். தம் தாய்மொழியின் எழுத்து அவ்விரண்டில் ஒன்றாக இருப்பதில்லை.

1.3 இதனால் விளைவது எழுத்துக் குறைபாடு மட்டுமன்று. பெர்குசன் 1959இல் வகுத்த இரட்டை வழக்குக் கோட்பாட்டில் தமிழும் பின்னர்ச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டு மாணவர் வீட்டில் பேச்சு வழக்கையும் பள்ளியில் எழுத்து வழக்கையும் பெறுகிறார். மும்பை மாணவர் பேச்சு வழக்கை மட்டுமே பெறுகிறார். உயர் வழக்கின் இடத்தை அவரிடம் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பகிர்ந்துகொள்கின்றன. எழுத்துத் தமிழ் அவருக்கு மறந்துபோன மொழியன்று. அறிமுகமே ஆகாத மொழி. இவ்வேறுபாடு பின்வரும் மதிப்பீட்டுக்கு அடிப்படையாகும்.

2. பட்டியலின் வரலாறு

2.1 விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, மும்பை முதலிடங்களுள் ஒன்றாக இருந்தது. அப்போது மாணவருக்கெனக் குறைந்த கட்டணத்தில் அளிக்கப்பட்ட கணக்கு வெறும் எழுத்துரு வழிக் கணக்காகும். படம் தோன்றாத அத்திரையில் உரோமன் எழுத்து ஒன்றே தெரியும். தமிழ் மாணவர் தமிழில் ஒரு வரி எழுத விரும்பினாலும் அதனை உரோமன் எழுத்திலேயே எழுத வேண்டியிருந்தது. இன்று இளையோரின் சோம்பலாகக் கண்டிக்கப்படும் உரோமன் தமிழ், பிறந்தபோது கருவியின் கட்டாயமாகவே இருந்தது.

2.2 அடுத்த கட்டம் எழுத்துருக்களின் காலம். யூனிக்கோடு 1991இல் வெளியான தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்தது. ஆயினும் பொதுப்பயன்பாட்டில் இருந்த கணினிகளில் அது இயங்க விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் தமிழ் இதழ்களின் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் சீர்ப்படுத்த முனைந்தது. இவை பெரும் பணிகள். ஆனால் கல்லூரிக் கணினிக் கூடத்திலோ, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய சைபர் கஃபேயிலோ அமர்ந்த மாணவருக்கு எழுத்துருவை நிறுவும் உரிமை பெரும்பாலும் இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்த் தளம் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. விருப்பத் தளங்களின் பட்டியலில் தமிழ்த் தளம் இடம்பெறாமைக்கு அக்காலத்தில் இதுவும் ஒரு காரணமாகும்.

2.3 2004 முதல் 2014 வரை இயங்கிய ஆர்குட், 2005இல் தோன்றிய யூடியூப், 2009இல் வந்த வாட்ஸ்அப் ஆகியவை பட்டியலை மாற்றின. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் அலைபேசித் தரவு மலிந்தது. பட்டியலில் காணொளி முதலிடம் பெற்றது. தமிழைப் பொறுத்தவரை இம்மாற்றம் பெரிது. படிக்கப்படும் மொழியாக இருந்திருந்தால் மாணவரை எட்டாத தமிழ், கேட்கப்படும் மொழியாக அவரை எட்டியது. தாராவியின் ராப் குழுவாகிய டோப்படெலிக்ஸ், பா. ரஞ்சித் இயக்கித் தாராவியைக் களமாகக் கொண்டு 2018இல் வெளிவந்த 'காலா' படத்தின் பாடல்களில் பங்கேற்றது இதன் உச்சம் எனலாம். அப்பகுதிக் குழுக்கள் இந்தி, மராத்தி, தமிழ் மூன்றையும் கலந்து பாடுகின்றன. தாராவி இளைஞரின் தமிழ், நுகர்வுப் பொருளாக மட்டுமன்றிப் படைப்பு மொழியாகவும் இணையத்தில் நிற்கிறது.

2.4 எனினும் அத்தமிழ் எழுத்தைத் தொடாமலேயே நிற்கிறது. திரைப்பாடல்களின் வரிகளைக் காட்டும் காணொளிகளுள் பல தமிழ் வரிகளை உரோமன் எழுத்திலேயே காட்டுகின்றன. தேடுபொறியில் உரோமன் எழுத்தில் இட்டாலும் தமிழ்ப் பாடல் கிடைத்துவிடுகிறது. தொடக்கத்தில் கட்டாயமாக இருந்த உரோமன் எழுத்து, இப்போது வசதியாக நிலைபெற்றுவிட்டது. கட்டாயம் நீங்கியும் வழக்கம் நீங்காமை மொழி வரலாற்றில் புதியதன்று.

3. மாணவர் எழுதும் தமிழ்

3.1 உரோமன் தமிழ் ஒன்றன்று, இரண்டு. முதலாவது, அரட்டையில் வழங்குவது. அதில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. லகர ளகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், டகர தகர வேறுபாடும் பெரும்பாலும் இல்லை. பி, ஏ, டி, ஏ, எம் என்னும் ஐந்து எழுத்துகள் படம், பாடம், பதம், பாதம் ஆகிய நான்கு சொற்களையும் குறிக்கும். சூழலே பொருளைத் தெளிவாக்கும். இரண்டாவது, மாட்டுங்கா, செம்பூர்ச் சூழலில் கருநாடக இசை பயிலும் மாணவரிடம் காணப்படுவது. கீர்த்தனை வரிகளை இணையத்தில் எழுதுவோர் நெட்டுயிரைப் பெரிய எழுத்தாலும், ளகர ணகரங்களை அவற்றுக்குரிய பெரிய எழுத்தாலும் காட்டும் முறையைப் பின்பற்றுகின்றனர். பாடும்போது மாத்திரை பிழைத்தல் கூடாது என்னும் தேவையே இம்முறையைக் காத்துவருகிறது. ஒரே மாணவர் காலையில் கீர்த்தனையை ஒரு முறையிலும், மாலையில் நண்பருக்கு எழுதும் செய்தியை மற்றொரு முறையிலும் எழுதுவதுண்டு. எழுத்தின் ஒழுங்கு எழுதுவோரின் அறிவைக் காட்டிலும் எழுதப்படுவதன் பயனையே சார்ந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

3.2 மூன்றாவது முறை தேவநாகரியில் தமிழ் எழுதுவது. தமிழிலக்கணப் பாடத்தில் பெரிதும் பேசப்படாத இம்முறை மும்பைச் சூழலில் கருத்தக்கது. படம், பாடம் என்பவற்றைத் தேவநாகரி பிரித்துக் காட்டும். பதம், பாதம் என்பவற்றையும் காட்டும். இந்தி பயின்றவருக்கு ளகரம் இல்லை. ஆனால் மராத்தி பயின்றவருக்கு ளகரத்துக்கு எழுத்து உண்டு. ஆகவே மும்பை மாணவர் தில்லி மாணவரைவிட ஓரெழுத்து மிகுதியாகத் தமிழை எழுத வல்லவர். குறை எங்கே எனின், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கும். பெட்டியும் பேட்டியும், கொடுவும் கோடுவும் ஒன்றாகிவிடும். ழகரத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் யூனிக்கோடு தேவநாகரித் தொகுதியில் இடம் உண்டெனினும், இந்தி, மராத்திப் பாடநூல்களில் அவை இல்லாமையால் மாணவருக்கு அவை தெரிவதில்லை.

3.3 இவற்றோடு குரல்வழித் தட்டச்சும் சேர்ந்துள்ளது. கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழையும் குரல்வழித் தட்டச்சு மொழிகளுள் சேர்த்தது. மாணவர் பேசுவது தமிழ் எழுத்தில் திரையில் தோன்றுகிறது. ஊரிலுள்ள பாட்டிக்கு அதனை அனுப்பவும் இயலும். ஆனால் தோன்றியது தாம் பேசியதுதானா என்பதைச் சரிபார்க்க அவரால் இயலாது. தம் சொற்களையே படிக்க இயலாத எழுத்தாளர் என்னும் நிலை தமிழ் எழுத்து வரலாற்றில் புதியது. முற்காலத்தில் எழுதத் தெரியாதவர் பிறரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தனர்; எழுதியவர் அதனை உரக்கப் படித்துக் காட்டினார். அந்தப் படித்துக் காட்டும் கடமையைக் கருவி மேற்கொள்வதில்லை.

4. இடைமுகச் சொற்கள்: சில மதிப்பீடுகள்

தமிழ் எழுத்தை மாணவர் எதிர்கொள்ள நேரும் இடங்களுள் இடைமுகம் முக்கியமானது. பாடநூலைப் போல் அது நீண்டதன்று, ஓரிரு சொற்களே. அச்சொற்கள் அவருக்குக் கதவாகவும் அமையலாம், சுவராகவும் அமையலாம். 2003இல் தொடங்கி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவின் சொற்கள் சில ஈண்டு ஆராயப்படுகின்றன. அவற்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. மாணவர் ஆங்கிலத்திலேனும் நாள்தோறும் திறக்கும் தளம் அது. அதே தளத்தின் இந்தி, மராத்திப் பதிப்புகளை மும்பை மாணவரால் படித்து ஒப்பிட முடியும்.

4.1 மணல்தொட்டி. புதிய பயனர் எழுதிப் பழகும் பக்கத்தின் பெயர் இது. ஆங்கிலச் சொல் மேனாட்டுக் குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டியைக் குறிக்கும். தமிழ்ச் சொல் அதன் நேர்மொழிபெயர்ப்பு. தமிழ்க் குழந்தைக்கு அத்தகைய தொட்டி மரபில் இல்லை. வீடு கட்டக் குவித்த மணல்மேடே உண்டு. மராத்திப் பதிப்பு இவ்விடத்தில் 'தூள்பாட்டி' என்னும் சொல்லை ஆண்டுள்ளது. புழுதி பரப்பி எழுத்துப் பழகும் பலகையை அது குறிக்கும். மூலச்சொல்லின் மணல் தங்கிவிட்டது. விளையாட்டு மட்டும் எழுத்துப் பயிற்சியாகிவிட்டது. அப்பக்கத்தின் பயனும் அதுவே. இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பு நழுவவிட்ட வாய்ப்பு பெரிது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியபின் ஓலைக்குச் செல்லும் மரபு தமிழருக்கும் உரியது. விசயதசமியன்று அரிசியிலோ நெல்லிலோ குழந்தையின் விரல் பிடித்து எழுதுவிக்கும் வழக்கம் தமிழ் எழுத்தே அறியாத மாட்டுங்கா வீடுகளிலும் இன்றும் உண்டு. 'மணற்பலகை' போன்ற ஒரு சொல் அவ்வழக்கத்தைத் தொட்டிருக்கும்.

4.2 ஆலமரத்தடி. பயனர்கள் பொதுவாகக் கலந்துரையாடும் பக்கம் இது. ஆங்கிலத்தில் ஊர்க் குழாயடி, இந்தியில் சௌபால், மராத்தியில் சாவ்டி. மூன்று இந்திய மொழிகளும் நேர்மொழிபெயர்ப்பை விடுத்துப் பண்பாட்டு இணையை நாடியுள்ளன. தமிழ்ச் சொல் அழகியது. திரைப்படம் பார்க்கும் எவருக்கும் விளங்குவது. ஆனால் அழகு எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருமா என்பது வினா. மரத்தடிப் பஞ்சாயத்து, ஊரின் ஒரு பகுதியார் அமர்ந்து தீர்ப்புரைக்க மற்றொரு பகுதியார் நின்று கேட்ட இடமுமாகும். அவ்வூர்களின் சாதிக் கொடுமையிலிருந்து விலகி வந்தவர்களின் வழியில் வந்த தாராவி மாணவருக்கு அச்சொல் நடுநிலையான சொல்லன்று. மராத்திச் சொல்லோடு உறவுடைய 'சாவடி' தமிழில் வாக்குச்சாவடி, சுங்கச்சாவடி எனப் பொதுவிடப் பொருளில் வழங்குகிறது. மாட்டுங்காக் கல்லூரி மாணவர் கூடும் இடம் ரூயா நாக்கா எனப்படும். 'நாக்கா' மும்பைத் தமிழில் இயல்பாகிவிட்ட சொல். ஆலமரத்தடியைக் களைய வேண்டும் என்பது இவ்வாதத்தின் முடிவன்று. பண்பாட்டு இணையைத் தேடும் மொழிபெயர்ப்பாளர், அப்பண்பாடு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே முடிவாகும்.

4.3 தொகு. பக்கத்தை மாற்றி எழுதுவதற்கான பொத்தான் இது. இந்தியும் மராத்தியும் 'சம்பாதன்' என்னும் வடசொல்லடியை ஆள்கின்றன. அவ்விரு மொழிகளிலும் இதழாசிரியர் 'சம்பாதக்' எனப்படுவதால் மாணவருக்கு அச்சொல் அறிமுகமானது. தமிழில் இதழின் தலைவர் 'ஆசிரியர்'. அச்சொல் பள்ளி ஆசிரியரையும் குறிக்கும். எனவே அதிலிருந்து இச்செயலுக்குரிய வினையை ஆக்க இயலவில்லை. 'பதிப்பி' என்பது வெளியிடுதலையும் குறித்து மயங்கும். 'திருத்து' பேச்சு வழக்கில் உள்ளது. விடைத்தாள் திருத்துவதை எல்லா மாணவரும் அறிவர். ஆனால் அது பிழை இருப்பதைக் குறிப்பாக உணர்த்தும். புதிதாகச் சேர்ப்பதை உணர்த்தாது. இந்நெருக்கடியில் 'தொகு' தேர்ந்தெடுக்கப்பட்டது நியாயமானதே. ஆயினும் பேச்சு வழக்கில் அது தனிவினையாக வழங்குவதில்லை. பலர் எழுதியதை ஒன்று திரட்டுபவரே தொகுப்பாசிரியர். ஒரு காற்புள்ளியை மாற்றும் மாணவர் தாம் தொகுப்பதாக உணர்வாரா என்பது ஐயத்துக்குரியது. இது பிழையான சொல்லன்று, தொலைவான சொல்.

4.4 புகுபதிகை, கடவுச்சொல். 'புகுபதிகை', 'விடுபதிகை' என்பவை வினைத்தொகைகள். இலக்கண அமைதியும் தம்முள் இணையும் உடையவை. எனினும் புகுதலும் பேச்சில் இல்லை. பதிகை என்னும் தொழிற்பெயரும் இல்லை. 'கடவுச்சொல்' கடவுச்சீட்டோடு ஒத்து அமைந்து, ஒரே கருத்துக்கு ஒரே அடி என்னும் நெறியைக் காக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது நிலைபெற்றுவிட்டது. கடவு என்னும் சொல்லை அறியாத மும்பை மாணவருக்கோ 'கடவுள்' ஒன்றே நினைவுக்கு வரக்கூடும். அவர் அறிந்த 'பாஸ்' புறநகர் ரயிலின் மாதச்சீட்டும் தேர்வில் பெற்ற வெற்றியுமாகும்.

இந்தி இடைமுகம் இங்கு வேறு வழியில் செல்கிறது. 'லாக் இன் கரேன்', 'ஷேர் கரேன்' என ஆங்கிலப் பெயரோடு இந்தித் துணைவினையைச் சேர்க்கிறது. மும்பைத் தமிழ் மாணவர் பேசுவதும் அவ்வாறே: லாகின் பண்ணு, ஷேர் பண்ணு, டவுன்லோடு பண்ணு. இந்தி இடைமுகம் அவர் பேசுவதுபோல் பேசுகிறது. தமிழ் இடைமுகம் அவ்வாறு பேசுவதில்லை. தாய்மொழியில் அயலாகவும் அயல்மொழியில் இயல்பாகவும் உணரும் முரண்நிலை இங்கேதான் தோன்றுகிறது.

4.5 ஏவல் வடிவங்கள். உள்நுழை, உள்நுழைக, உள்நுழையவும் என மூவகை வடிவங்களும் தமிழ் இடைமுகங்களில் விரவி வருகின்றன. முதலாவது ஒருமை ஏவல். நேர்ப்பேச்சில் இளையவரை நோக்கியது. இரண்டாவது வியங்கோள், மூன்றாவது அறிவிப்புப் பலகையின் நடை. மும்பை மாணவர் பேச்சில் கேட்டவை ஒருமை ஏவலும், 'வாங்க, பாருங்க' என்னும் மரியாதைப் பன்மையும் ஆகும். வியங்கோளை அவர் வீட்டில் கேட்டிரார். கருவி பயனரை எவ்வாறு விளிக்க வேண்டும் என்பது சிறிய வினாவன்று. இந்தி 'கரேன்' என்னும் ஒரே மரியாதை வடிவத்தைப் பெரிதும் பின்பற்றுகிறது. தமிழில் எவ்வடிவம் கொள்ளினும் ஒரு தளத்துக்குள் அது ஒன்றாதல் வேண்டும். ஒரே திரையில் ஒருமையும் வியங்கோளும் கலப்பது, ஒரே வாயில் இருவர் பேசுவதை ஒக்கும்.

5. மறுப்புகளும் விடைகளும்

5.1 தமிழ்ச் சொல்லாக்கம் உலகத் தமிழர் அனைவருக்கும் உரியது. மும்பை மாணவரின் வசதிக்காக அதனை மாற்றுதல் தகுமா என்பது முதல் மறுப்பு. மும்பைக் கலப்பு வழக்கை எங்கும் புகுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. 'லாகின் செய்க' என எழுதிவிட்டால் சிக்கல் தீராது. அது எழுத்து வழக்குமாகாது, பேச்சு வழக்குமாகாது. மேலும், தனித்தமிழ் முயற்சியின் வெற்றிகள் மறுக்க இயலாதவை. 'இணையம்', 'மின்னஞ்சல்' ஆகியவை இன்று எவரும் விளக்கம் கேளாத சொற்கள். 'தேடு', 'அனுப்பு', 'சேமி' ஆகியவை நாவில் ஏற்கெனவே இருந்த வினைகள். வெற்றி பெற்ற வினைச்சொற்களை நோக்கினால் ஒரு பொதுமை புலப்படும். அவற்றின் அடி பேச்சில் உயிருடன் உள்ளது. யாழ்ப்பாணத்தாருக்கும் நெல்லையாருக்கும் தாராவியாருக்கும் பொதுவானவை அத்தகைய அடிகளே. ஆகவே மும்பை மாணவருக்குப் பொருந்தும் சொல் பிறருக்கு ஊறு செய்வதில்லை. எழுத்து வழக்கைப் பள்ளியில் பெறாத அவர் ஓர் உரைகல் போன்றவர். சொல் தன் வலிமையால் நிற்கிறதா, பாடநூலின் வலிமையால் நிற்கிறதா என்பதை அவர் காட்டிவிடுவார்.

5.2 எழுத்தே தெரியாதவருக்குச் சொல் எதுவாயினும் என்ன என்பது இரண்டாம் மறுப்பு. இது முதலாவதைக் காட்டிலும் வலியது. இதற்கு விடை, படிக்கக் கற்கும் முறையில் உள்ளது. தாய்மொழியைப் பேச வல்லவர் அதன் எழுத்தைக் கற்கும்போது, எழுத்துகளைக் கூட்டி ஒலித்து, அவ்வொலியைத் தாம் அறிந்த சொல்லோடு பொருத்துகிறார். பொருந்தும் கணத்தில் படிப்பு நிகழ்கிறது. 'தேடு' என்னும் இரண்டெழுத்தைக் கூட்டிய மாணவருக்கு அறிந்த சொல் கிட்டுகிறது. அடுத்த சொல்லைக் கூட்டும் துணிவும் கிட்டுகிறது. 'புகுபதிகை' என்னும் ஐந்தெழுத்தைக் கூட்டியவருக்கு வெற்றொலியே கிட்டுகிறது. அவர் தாம் பிழையாகப் படித்துவிட்டதாகவே எண்ணுவார். எழுத்தைக் கற்கத் தொடங்கியவரை இரண்டாம் நாளே திருப்பியனுப்புவது எழுத்தன்று. அந்த எழுத்து சுமந்துவரும் சொல்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, மும்பைத் தமிழ் மாணவரின் விருப்பப் பட்டியல் தமிழைத் துறந்த பட்டியலன்று. தமிழ் எழுத்தை எட்டாத பட்டியல். அதனை மொழிப்பற்றின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டாவது, அவர் எழுதும் தமிழ் ஒழுங்கற்ற குவியலன்று. உரோமனில் இருவகையும் தேவநாகரியில் ஒருவகையுமாக அது அமைந்துள்ளது. ஒவ்வொன்றின் இழப்பும் ஆக்கமும் விளக்கத்தக்கவை. தேவநாகரித் தமிழ் குறித்து விரிவான களஆய்வு தேவை. மூன்றாவது, இடைமுகச் சொற்களை மதிப்பிட இலக்கண அமைதி மட்டும் போதாது. சொல்லின் அடி பேச்சில் வாழ்கிறதா, அதன் பண்பாட்டுச் சுமை யாருடைய நினைவிலிருந்து எடுக்கப்பட்டது, ஏவல் வடிவம் தளம் முழுதும் ஒன்றாக உள்ளதா என்னும் மூன்று வினாக்களும் கேட்கப்பட வேண்டும்.

தமிழ் இடைமுகத்தை ஆக்கியோருள் பெரும்பாலோர் ஊதியம் கருதாது உழைத்தவர்கள். அவர்தம் சொற்கள் தமிழை ஆங்கிலத்துக்கு நிகராக நிறுத்தும் வேட்கையில் பிறந்தவை, அவ்வேட்கை போற்றுதற்குரியது. ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிய சொல்லை இனித் தமிழைப் பேசுபவரைப் பார்த்தும் சோதிக்கும் காலம் வந்துள்ளது. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பாட்டியோடு தமிழும், நண்பரோடு இந்தியும், விரிவுரையாளரோடு ஆங்கிலமும் பேசும் மாணவரின் கையில் ஓர் அலைபேசி உள்ளது. அதன் மொழி அமைப்பில் தமிழ் என்னும் பெயரும் உள்ளது. அப்பெயரை அவர் தொடும் நாளில் திரையில் தோன்றும் முதற்சொல் அவர் வீட்டில் கேட்ட சொல்லாக இருத்தல் வேண்டும்.